தன் பெட்டியைத் தானே சுமந்தவன்

நஞ்சுண்டனுக்கு ஏணியின் மூன்றாவது படியில் கால் நடுங்க ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இரண்டு படி வரை ஒன்றுமில்லை. மூன்றாவதில் கால் வைத்தால் முழங்காலுக்குக் கீழே யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளங்கை வேர்க்கும். வீடு கட்டுகிற வேலையில் இருப்பவனுக்கு இது வந்தால், சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போன மாதிரிதான். வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. அவரும் சொல்லவில்லை.

ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே, போன வருஷம் வரை மாடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தில் நூற்றுப்பத்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் பதினான்கு வீட்டுக்கு நஞ்சுண்டன் சைட் சூப்பர்வைசர். டெக்சஸ் வந்த நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் குளிரக் குளிர உட்கார்ந்திருக்கையில், சிவில் படித்த இவர் மட்டும் இரும்பு முனை வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் நடப்பார். அதில் அவருக்குக் குறை இல்லை. பல்லடத்தில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பள்ளிக்கூட லீவு என்றால் நஞ்சுண்டனுக்குக் கலவைச் சட்டி. சாரத்தில் தாவிப் பழகிய காலுக்கு உயரம் என்பது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை, அக்டோபர் மாதம் அந்தக் காற்று அடிக்கிற வரைக்கும்.

அன்றைக்கு ரெய்முண்டோ என்கிற தச்சுத் தொழிலாளி இரண்டாவது மாடி மரச்சுவரின் மேல் சட்டத்தில் நின்று இடம் மாறுவதற்காக இடுப்புக் கொக்கியைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துக் காற்று தள்ளியது. கீழே நின்றிருந்த நஞ்சுண்டனுக்கு இரண்டடி தள்ளி வந்து விழுந்தான். சிமெண்டு மூட்டை விழுந்தால் வருமே, அதே சத்தம். இடுப்பெலும்பு நொறுங்கியும் ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தச் சத்தம் நஞ்சுண்டனின் காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தச்சு வேலைக் குழுவின் தலைவன் எவாரிஸ்டோவைக் கூப்பிட்டு, "மேலே போய் நாலு படம் எடுத்து அனுப்பு, ஆபீஸுக்கு வேணுமாம்" என்பார். படம் வரும். அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்ப்பார். பிறகு போனில் இருக்கிற செயலியில், 'நேரில் ஏறிச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே விரலால் கையெழுத்துப் போடுவார். ஐந்து வாரத்தில் நாலு வீடு இப்படிப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் விரலை எடுக்கும்போது வாய் கசந்தது.

ஐந்தாவது வீடு, நாற்பத்திரண்டாம் நம்பர் மனை. கூரைக்கான முக்கோண மரச்சட்டங்கள், ட்ரஸ் என்பார்கள், எல்லாம் ஏற்றி நிறுத்தியாயிற்று. திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அதன்மேல் பலகை அடிக்க வேண்டும். எட்டுப் பேர் மேலே ஏறி நிற்பார்கள். அதற்கு முன்னால் நஞ்சுண்டன் கையெழுத்து வேண்டும்.

வியாழக்கிழமை சாமான் வாங்கப் போன கடையில், ஹாலோவீன் என்கிற பேய் வேடப் பண்டிகை முடிந்து தள்ளுபடியில் போட்டிருந்த குவியலுக்குள் அந்த முகத்தைப் பார்த்தார். மொட்டை மண்டை. வௌவால் காது. குழி விழுந்த கண்ணைச் சுற்றிக் கறுப்பு. முன்பல் இரண்டும் எலிப்பல் மாதிரி ஒட்டி நீண்டிருந்தன. கூடவே முழ நீளத்துக்கு நகம் வைத்த ரப்பர் கைகள் இரண்டு. பார்த்த மாத்திரத்தில், 'இதல்லவா முகம்!' என்று தோன்றிவிட்டது. ஊரில் எந்தக் கட்டடமானாலும் கூரை ஒட்டுத்தளம் போடுவதற்கு முன்னால், பழைய சட்டைக்குள் வைக்கோல் திணித்துப் பூசணிக்காய்த் தலை வைத்துத் திருஷ்டி பொம்மை கட்டாமல் அப்பா கொத்துக்கரண்டியைத் தொடமாட்டார். ரெய்முண்டோ விழுந்ததற்கு இதைக் கட்டாமல் விட்டதுதான் காரணம் என்று நஞ்சுண்டன் நம்பினாரா என்றால், இல்லை. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. தான் ஏறாத இடத்தில் ஏதாவது ஒன்று ஏறி நிற்கட்டும் என்று இருந்தது.

பழைய சட்டைக்குள் துணியைத் திணித்து, முகத்தையும் கையையும் பொருத்தி, எவாரிஸ்டோவிடம் கொடுத்தார். இருவரும் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷ். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"யார் இது முதலாளி, உங்க மச்சானா?"

"எல்லாக் கண்ணும் இவன்மேல விழும். உங்க மேல விழாது. உச்சியில கட்டு."

"சும்மா ஏத்த மாட்டேன். இந்த சைட்ல ரூல்ஸ் இருக்கு." எவாரிஸ்டோ பொம்மையின் மண்டையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, இடுப்பில் பெல்ட்டும் கொக்கியும் மாட்டிவிட்டான். "பாருங்கடா, ஒழுங்கா பெல்ட் போட்ட ஒரே ஆளு இவன்தான்!" என்று கத்த, குழுவே சிரித்தது. உச்சிச் சட்டத்தில் கட்டிய பொம்மை காற்றுக்குக் கையை விரித்துக்கொண்டு ஆடியது.

சனிக்கிழமை அந்த வீட்டை வாங்கப்போகிற சிவராமகிருஷ்ணன் மனைவியோடு பார்க்க வந்தார். சென்னைக்காரர், பெரிய கம்பெனியில் டைரக்டர்.

"என்ன சார் இது! மெயின் ரோட்ல டர்ன் பண்ணும்போதே தெரியறதே. நம்ம ஊர் வழக்கத்த விடல பாருங்கோ! பர்வதம், நில்லு, நில்லு, ஒரு போட்டோ எடுக்கலாம்."

"ஐயோ, அத பேக்கிரவுண்ட்ல வெச்சா? வீட்டு வாட்ஸப் குரூப்ல போட்டா எங்கம்மா இங்க வர டிக்கெட்டையே கேன்சல் பண்ணிடுவா" என்றார் பர்வதம்.

சிரித்து முடித்துச் சிவராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஏப்ரல்ல கிரகப்பிரவேசம் சார். வாத்தியார புக் பண்ணியாச்சு. நாங்க தினம் ஆபீஸ், மீட்டிங்னு ஓடறோம், எங்களுக்கு இந்த மரம், ஆணி எதுவும் புரியாது. நீங்களே மேல ஏறி செக் பண்றேள்னு சேல்ஸ்ல சொன்னா. நம்ம மனுஷன் இருக்கார்னுதான் இந்த வீட்டையே சூஸ் பண்ணினோம்."

"பார்த்துடறேங்க சார்" என்றார் நஞ்சுண்டன். அவருடைய சட்டைப்பையில் இருந்த போனில், முதல்நாள் மத்தியானம் எவாரிஸ்டோ அனுப்பிய நாலு படம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பொம்மையின் படத்தை மனைவி நாகமணியிடம் காட்டினார்.

"ஏனுங்க, இந்த மூஞ்சியப் பார்த்தா எனக்கே சோறு எறங்காதாட்ட இருக்குது. வேலை செய்யறவிய எப்படி நிப்பாங்க?" என்ற நாகமணி, தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "ஊர் வீட்டுக்கெல்லாம் காவல் கட்டுறீங்கொ. நம்மூட்டு ஸ்மோக் அலாரம் மூணு வாரமாக் கீக்கீன்னு கத்துது. ஏணி போட்டு ஒரு பேட்டரி மாத்த முடியல உங்களுக்கு."

கல்லூரியிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்த மகள் பிரீத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பா அம்மா தமிழில் பேசினாலும் அவளுக்கு வாயில் வருவது இங்கிலீஷ்தான். அவர்களுக்காக நடுவில் தமிழைத் தூவிக்கொள்வாள்.

"அப்பா! டூ யூ நோ ஹூ திஸ் இஸ்? இது டீமன் எல்லாம் இல்ல. திஸ் இஸ் அ வாம்பயர். ஜெர்மன் படம், நைன்டீன் ட்வென்ட்டி டூ. பேச்சே கிடையாது, சைலன்ட். எங்க ஃபிலிம் கிளாஸ்ல ஒரு வாரம் ஃபுல்லா இதுதான்."

"என்ன பண்ணுவான் இவன்?"

"ரத்தம் குடிப்பான். அப்புறம், இவன் போற ஊருக்கெல்லாம் ப்ளேக் வரும். எலியோட வருவான்."

நாகமணி கையை உதறினாள். "கொள்ளை நோயக் கொண்டாரவனைப் போய் வாங்கறவிய வீட்டு உச்சியில கட்டி வெச்சிருக்கீங்களா? நல்லாருக்குது போங்க!"

நஞ்சுண்டன் போனை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தார். விவரம் தெரியாமல் யாரைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருக்கிறோம்? பிரீத்திக்கோ கொண்டாட்டம். மறுநாள் மத்தியானம் டாலஸில் ஒரு பழைய தியேட்டரில் அதே படத்தைத் திரையிடுகிறார்களாம். ஒருவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து ஆர்கன் வாசிப்பாராம். "வாங்க, மூணு பேரும் போலாம். உங்க செக்யூரிட்டி கார்டு யாருன்னு தெரிய வேணாமா?"

யாரென்று தெரிந்துகொள்ளத்தான் போனார். ஊமைப் படம், நூறு வருஷப் பழசு, கொஞ்சம் கண்ணயரலாம் என்ற எண்ணமும் இருந்தது.

முதல் கால்மணி நேரம் அப்படித்தான் போயிற்று. கோட்டுப் போட்டவர்கள் கையை ஆட்டி ஆட்டி நடித்தார்கள். பிறகு கதை புரிந்ததும் நஞ்சுண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூரதேசத்தில் மலைமேல் இருக்கிற ஒரு பிரபுவுக்கு ஊருக்குள் ஒரு வீடு வேண்டுமாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாலிபன் போகிறான்.

"இது வீடு விக்கிற கதையா!" என்றார் மகளின் காதில்.

"ஆமாப்பா. ரியல் எஸ்டேட்" என்று பிரீத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவன் வந்தான். நாற்பத்திரண்டாம் நம்பர் மனையின் உச்சியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடுகிறவன். ஆனால் இது அது இல்லை. கடையில் வாங்கியது ரப்பர். இங்கே, வளைவு வாசலின் இருட்டுக்குள்ளிருந்து, தோளைக் குறுக்கிக் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு வந்து நின்றவனுக்குக் கண்ணில் பசி இருந்தது. பஞ்சம் பார்த்தவர்களிடம் மட்டும் இருக்கிற பசி. அரங்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். ஆர்கனின் அடித்தொண்டை ஒலி நாற்காலி வழியாக ஏறி நஞ்சுண்டனின் முதுகெலும்பில் ஓடியது.

கப்பல் வந்தது. அதன் வயிற்றில் பெட்டிகள். எல்லாம் சவப்பெட்டி; உள்ளே அவன் ஊர் மண்.

"மண்ணையெல்லாம் கொண்டார கஸ்டம்ஸ்ல விட்டாங்களாமா? எங்க அம்மா குடுத்த ஊறுகாயவே புடுங்கிக்கிட்டாங்க" என்று நாகமணி கிசுகிசுத்தாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி அவளே புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் படுத்திருந்தவன் எழுந்தான். எழுந்தான் என்றால், இடுப்பை மடக்கிக் கையை ஊன்றி எழவில்லை. படுத்த வாக்கிலேயே, பலகையை நிமிர்த்துகிற மாதிரி, குதிகாலில் விறைப்பாக நிமிர்ந்தான். மரச்சட்டச் சுவரையே தரையில் கிடத்திப் பண்ணி நிமிர்த்துகிற வேலையை நஞ்சுண்டன் வாரம் தவறாமல் பார்க்கிறவர். எட்டுப் பேர் 'ஹோ' என்று தூக்க வேண்டும். இங்கே யாருமில்லை. தானாக நிமிர்ந்தது. அவருக்கு மயிர்க்கால் சிலிர்த்து நின்றது.

கப்பல் கரைக்கு வந்ததும் அந்தப் பிரபு ஒரு காரியம் செய்தான். தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆளரவமில்லாத தெருவில், புது வீடு தேடி விறுவிறுவென்று நடந்தான். அரங்கமே கொல்லென்று சிரித்தது. பிரீத்தியும் சிரித்தாள். சிரிப்பு வரத்தான் செய்யும். பேய்க்கு ஒரு கௌரவம் வேண்டாமா, கூலிக்காரன் மாதிரி சாமான் தூக்கிக்கொண்டா போகும்?

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. சுமை தூக்குகிறவனின் நடை அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் இழுக்கிற பாரத்துக்கு மறுதோள் எப்படி இறங்கும், கழுத்து எப்படி முன்னால் நீளும் என்பது தெரியும். யோசித்துப் பார்த்தால் இந்தப் படம் முழுக்க அப்படித்தான். மலையில் வண்டி ஓட்டி வந்து வாலிபனை ஏற்றிப் போனவன் அவன். வண்டியில் பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கியவனும் அவன். இவ்வளவு பெரிய கோட்டைக்காரனுக்கு ஒரு வேலையாள் கிடையாது. பயங்கரமோ, பாவமோ, அவன் வேலையை அவனே செய்தான். இன்னொருத்தனை அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டு வந்தது.

ஒரு வெள்ளைச் சுவர். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளுடைய நிழல் அதில் வரிவரியாக விழுந்திருக்கிறது. அந்தச் சுவரில் அவனுடைய நிழல் மட்டும் ஏறுகிறது. கூனிய முதுகு, கூர்க் காது, பிரம்புக் கூடை பின்னுவது போல் அசைகிற நக விரல்கள். ஆள் இல்லை. மேல்படிக்கு வந்ததும் கை நீள்கிறது, நீள்கிறது, கதவு வரைக்கும் நீள்கிறது. அறைக்குள் இருக்கிற பெண்ணின் நெஞ்சின்மேல் கையின் நிழல் ஊர்ந்து போய் மூடிக்கொள்கிறது. தொடவில்லை. நிழல்தான். ஆனால் அவள் வலியில் துடிக்கிறாள். நஞ்சுண்டனின் கை தன்னையறியாமல் போன் இருந்த சட்டைப்பையின்மேல் போயிற்று.

இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பல்லடத்து டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த பேய்ப் படங்களில் எல்லாம் ஆளுக்கு முன்னால் சுவரில் நிழல்தான் வரும். கொலைகாரனின் விரல் நிழல் கதாநாயகியின் கழுத்துக்குப் போகும். பெஞ்சுக்காரன் விசில் அடிப்பான். அந்த நிழல்களுக்கெல்லாம் அப்பன் இவன். தாத்தன் என்றாலும் தகும். அவற்றை எடுத்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, பார்த்தவனைப் பார்த்தவனைப் பார்த்தவன் ஒருத்தன் இருந்திருப்பான். அப்படிக் கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டி அந்த மணல் கொட்டகை வரைக்கும் இந்த விரல் நீண்டு வந்திருக்கிறது.

வேலைக்காரன் கண் சும்மா இருக்காது. இதில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு சுவர், ஒரு விளக்கு, ஒரு ஆள். அவ்வளவுதான். அந்தப் படியை ஒரு தச்சன் செய்திருப்பான். சுவருக்கு ஒருத்தன் வெள்ளை அடித்திருப்பான். விளக்கைத் தூக்கித் தரையில் வைத்து, "இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளு" என்று ஒருத்தன் சொல்லியிருப்பான். அத்தனை பேரும் செத்து மண்ணாகியிருப்பார்கள். பயம் மட்டும் வெடிப்பில்லாமல், கசிவில்லாமல் நிற்கிறது. டெக்சஸில் தான் கட்டுகிற வீட்டுக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் எழுதிக் கொடுப்பதை நினைத்துக்கொண்டார்.

விடிந்தது. கோழி கூவியது. வெயில் பட்டு அவன் ஒரு புகையாகக் கரைந்து போனான். விளக்குப் போட்டதும் முந்நூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாருக்கு? செத்துப்போன அந்தத் தச்சனுக்கும் சேர்த்துத்தான் என்று நஞ்சுண்டனும் தட்டினார்.

திரும்பி வருகிற வழியில் பிரீத்தி நிறுத்தாமல் பேசினாள். இந்தக் கதையை ஒரு இங்கிலீஷ் நாவலிலிருந்து அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்களாம். நாவல் எழுதியவருடைய மனைவி கேஸ் போட்டு ஜெயித்து, படச்சுருள் மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டதாம். "பட் சம் காப்பீஸ் சர்வைவ்ட். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அதுலேர்ந்துதான் இவ்வளவும். கார்ட்டூன்லகூட இந்த ஷேடோ வரும்பா."

"அழிக்கச் சொல்லியும் நின்னுருக்கான்" என்றார் நஞ்சுண்டன். கொஞ்ச தூரம் போய், "அவன் வேலைய அவனே செஞ்சான், கவனிச்சியா கண்ணு? பெட்டியக்கூட அவனே தூக்கிட்டுப் போனான்" என்றார்.

"அப்பா! நூறு வருஷத்து மாஸ்டர்பீஸ். தட்ஸ் யுவர் டேக்அவே?"

"ஆமா சாமி" என்றார்.

திங்கள்கிழமை ஆறேமுக்காலுக்கே சைட்டுக்குப் போய்விட்டார். எவாரிஸ்டோ லாரிக் கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். கூரைப் பலகை ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"படம் அனுப்பினேனே, கையெழுத்து ஆச்சா முதலாளி?"

"நான் ஏறிப் பார்த்துட்டுப் போடறேன்" என்று நஞ்சுண்டன் ஒரு பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எவாரிஸ்டோ காபியை வாயிலேயே வைத்திருந்தான். ஏணியின் அடியில் வந்து நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் அது வந்தது. கால் ஆடியது. ஏணியே கடகடவென்று ஆடுகிற அளவுக்கு ஆடியது. கீழே நிற்கிறவனுக்கு அது கையிலேயே தெரிந்திருக்கும். நஞ்சுண்டன் இறங்கவில்லை. நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. நடுங்குகிற காலையே தூக்கி அடுத்த படியில் வைத்தார். இதுவும் ஒரு சுமைதான், இடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முதல் மாடித் தளம் வந்தது. அங்கிருந்து இன்னொரு ஏணி. வேர்த்த கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து ஏறினார். மேல் சட்டத்தை எட்டிக் கொக்கியை மாட்டியதும்தான் கண்ணைத் திறந்தார். எப்போது மூடினோம் என்று அவருக்கே தெரியாது.

அப்போது கிழக்கே சூரியன் வெளியே வந்திருந்தது. தடுக்க ஒரு மரம் இல்லாத சமவெளி. வெளிச்சம் தரையோடு தரையாகப் பாய்ந்து வந்து, நிறுத்தி வைத்த முக்கோணச் சட்டங்களுக்குள் நுழைந்தது. எதிரே, மேற்கு ஓரத்தை அடைத்திருந்த மஞ்சள் பலகைச் சுவர்மேல் அத்தனை சட்டங்களின் நிழலும் வரிவரியாக விழுந்தது. உச்சியில் கட்டிய பொம்மை காற்றில் திரும்பியது. அதனுடைய நிழல் அந்தச் சுவரில் பத்தடி உயரத்துக்கு எழுந்து விரலை விரித்தது.

நஞ்சுண்டன் மூச்சு விடாமல் பார்த்தார். அருகில் இருக்கிற பொம்மையைப் பார்த்தால் தள்ளுபடி ரப்பர், பழைய சட்டை. நிழலைப் பார்த்தால் அவனே. நூறு வருஷத்துக்கு முன்னால், எங்கோ ஒரு ஊரில், விளக்கைத் தரையில் இறக்கி வைத்தவன் கண்டுபிடித்த அதே கணக்கு. வெளிச்சம் தாழ்ந்து வந்தால் சின்னது பெரிதாகும். ஒளிந்திருப்பது சுவருக்கு வரும். கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதனால்தான் அதைப் பார்த்தார். நக விரல்களின் நிழலுக்குப் பக்கத்தில் இன்னும் சில நகங்கள் இருந்தன. மெல்லிசாக, கூராக, மூன்று மூன்றாக. பொம்மை அசைந்தது, அவை அசையவில்லை.

நிழலிலிருந்து பின்னோக்கிக் கண்ணை ஓட்டினார். முக்கோணச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் இருக்க, குறுக்கே நீளப் பலகை வைத்து ஒவ்வொரு சட்டத்திலும் ஆணி அடிப்பார்கள். இங்கே பலகை இருந்தது. ஆணியும் இருந்தது. ஆனால் ஆணி சட்டத்தின் மரத்தில் இறங்கவில்லை. அரை அங்குலம் தள்ளி இறங்கி, பலகையைத் துளைத்து, மறுபக்கம் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தோடு சட்டமாக நகர்ந்து போய்ப் பார்த்தார். வரிசையாகப் பதினோரு சட்டத்தில் ஏழுக்குப் பிடிமானமே இல்லை. பலகை சும்மா சாத்தி வைத்திருந்தது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. நடுப்பகலில் எடுத்த படத்திலும் தெரியாது. எட்டுப் பேர் பலகையோடு ஏறி நின்று, அக்டோபரில் அடித்த மாதிரி ஒரு காற்று அடித்தால், பதினோரு சட்டமும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்திருக்கும்.

"எவாரிஸ்டோ! ஒருத்தனும் ஏறக் கூடாது. நீ மட்டும் வா."

எவாரிஸ்டோ ஏறி வந்தான். ஆணியின் கூர்முனையை விரலால் தொட்டுப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஸ்பானிஷில் யாரையோ, அநேகமாகத் தன்னையேதான், அசிங்கமாகத் திட்டினான்.

"புதுசா வந்த ரெண்டு பேரு வெள்ளிக்கிழமை காலையில அடிச்சது. நான் பார்த்திருக்கணும்."

"நான் பார்த்திருக்கணும்" என்றார் நஞ்சுண்டன். "ரெய்முண்டோ விழுந்த நாள்லேர்ந்து நான் ஒரு வீட்டுலயும் மேல ஏறல. ஏணியப் பார்த்தா கால் ஆடுது. நீ அனுப்பின படத்தப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

எவாரிஸ்டோ கொஞ்ச நேரம் அவருடைய காலைப் பார்த்தான். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"தெரியும் முதலாளி. எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குப் பதிலாத்தான் இவனை மேல ஏத்தி விட்டீங்கன்னு பசங்க பேசிக்கிட்டாங்க."

நஞ்சுண்டனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. இரண்டையும் காற்றின்மேல் பழி போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நஞ்சுண்டன் போனை எடுத்து, அங்கேயே நின்றபடி ஆபீஸுக்கு அடித்தார். நாற்பத்திரண்டில் இன்றைக்கு வேலை நடக்காது என்றார். இதற்கு முன்னால் கையெழுத்துப் போட்ட நாலு வீட்டையும் நான் ஏறிப் பார்க்கவில்லை, இன்றைக்கே ஏறிப் பார்க்கப் போகிறேன், பார்க்கிற வரைக்கும் அங்கே ஒருத்தரையும் விடாதீர்கள் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து "எழுத்தில் அனுப்பு, மத்தியானம் வந்து பார்" என்று குரல் வந்தது. அனுப்பினார். வேலை இருக்குமோ போகுமோ, அது அவர்கள் பாடு.

எவாரிஸ்டோவுக்குப் பின்னால் இறங்கும்போது மூன்றாவது படியில் கால் மறுபடி ஆடியது. தரையில் நின்றிருந்த எட்டுப் பேரும் பார்க்கிற மாதிரிதான் ஆடியது. நஞ்சுண்டன் அந்த ஏணியை மடக்கினார். எவாரிஸ்டோ கை நீட்டியதற்கு வேண்டாம் என்று தலையசைத்து, தோளில் ஏற்றிக்கொண்டு, அந்த நாலு வீட்டில் முதலாவதான முப்பத்தெட்டாம் நம்பர் மனையைப் பார்த்து நடந்தார்.